நடிக்கிறாள் என்றார்கள்

மூக்கின் மேல் கண்ணாடியை உட்கார வைப்பது அவளுடைய தொழில். மூக்கின் மேல் கோபம் உட்கார்ந்திருப்பது அவளுடைய குணம். கடைத்தெருவில் எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி பிரேமின் காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைப்பாள், திருகாணியை இறுக்குவாள், எதைப் போட்டாலும் எனக்கு எடுப்பாக இல்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களைப் பேசியே வழிக்குக் கொண்டுவருவாள். கண்ணைப் பரிசோதித்துப் பவர் சொல்வது உள்ளறையில் இருக்கும் அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே மகள், பதினாலு வயது. வீட்டில் மகளுக்கு வாயாடி என்று பேர். சும்மா வந்த பேர் இல்லை. ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் முதல் காட்சியிலிருந்து வணக்கம் போடுகிறவரை வசனம் பிசகாமல் ஒப்பிப்பாள். நடுவில் யார் இருமினார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்பதுகூட விட்டுப்போகாது. அவள் அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பிசைந்த சோறு கையில் காய்ந்து போவது தெரியாமல் உட்கார்ந்து கேட்பார்.

அப்பேர்ப்பட்ட வாய் இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து மூடிக்கொண்டது. எதைக் கேட்டாலும் "ம்", "இல்ல", "தெரியல". காலையில் எழுந்தால் வயிற்று வலி. ஞாயிற்றுக்கிழமை என்றால் சாயங்காலமே ஆரம்பித்துவிடும். கண்ணாடிக்காரி மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கடைசியில் பொறுமை போய், "பள்ளிக்கூடம் இல்லாத நாள்ல மட்டும் உன் வயிறு எப்படிடி ஒழுங்கா இருக்கு?" என்று கத்தியும் பார்த்தாள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"வயசுப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும். தன்னால சரியாயிடும், விடு" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு லாரி எஞ்சினைத் தவிர உலகத்தில் எல்லாமே தன்னால் சரியாகிவிடும்.

வினை எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால், அது பெற்றோர் கூட்டத்தில். மொழிப்பாடம் எடுக்கும் வகுப்பாசிரியைதான் ஆரம்பித்து வைத்தார். "வாசிக்கச் சொன்னா உங்க பொண்ணு ரொம்பத் திக்குறா. கண்ணு எதுக்கும் செக் பண்ணிப் பாருங்க" என்றார். கண்ணாடிக்காரிக்குச் சுருக்கென்றது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் தன் பிள்ளை கண்ணைப் பார்க்காமலா விட்டிருப்பாள்? அன்றைக்கே மகளைக் கடைக்கு இழுத்து வந்து அண்ணன் முன்னால் உட்கார வைத்தாள். கூட்டம் நிற்கிற நேரம். அண்ணன் விளக்கைப் போட்டு, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் காட்டினார். மகள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேல் வரியின் பெரிய எழுத்தில் தொடங்கி, அடிவரியின் கடுகளவு எழுத்துவரைக்கும் கடகடவென்று சொல்லிவிட்டாள். மறு கண்ணுக்கும் அப்படியே.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல தங்கச்சி. வேற வேலை இருந்தா போய்ப் பாரு" என்று சிரித்தார் அண்ணன்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். "மிஸ், என் பொண்ணுக்குக் கழுகுக் கண்ணு. கடைசி வரி வரைக்கும் பிசகாம படிச்சுட்டா" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

வகுப்பாசிரியை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கடைசி வரி வரைக்கும் படிக்கிற கண்ணுக்குப் பாடப் புத்தகத்தின் முதல் வரி தெரியாமலா போகும்? தெரியும். தெரிந்தும் வாசிக்கவில்லை என்றால் அது திமிர், நடிப்பு. இப்படி ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். அதற்கு எடுத்துக் கொடுத்தது பெற்ற தாயின் வாய்தான் என்று நினைக்கும்போது எனக்கே வயிறு எரிகிறது.

ஒரு நாள் மத்தியானம் வயிற்று வலி என்று மகள் பாதியிலேயே வந்துவிட்டாள். கடையில் ஆள் இல்லை. புதிதாக வந்த பிரேம்களைப் பிரித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி, பிள்ளை முகத்தில் கொஞ்சம் சிரிப்பைப் பார்க்கலாம் என்று ஒரு பூனைக்கண் பிரேமை எடுத்து மாட்டிவிட்டாள். மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தொழில் பழக்கத்தில் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். பிரேம் சமமாகத்தான் இருந்தது. புருவம் சமமாக இல்லை. இடது புருவத்தின் வால் பக்கம் மயிரே இல்லாமல் வெறும் தோல் தெரிந்தது.

"என்னடி இது?"

"சொரிஞ்சேன்."

"சொரிஞ்சா இப்படியா கொட்டும்?"

மகள் பிரேமைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அப்பா வரும்போது வீட்டுக்குப் போகிறேன் என்று உள்ளறை பெஞ்சில் சுருண்டு படுத்துக்கொண்டாள். அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். கண்ணாடிக்காரி அவருக்கு அளவு எடுத்தாள். எடுத்த அளவு தப்பாகப் போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது அந்த வாரம்தான். தலைமை ஆசிரியை பார்க்க வேண்டுமாம், கையோடு வரவேண்டுமாம்.

தலைமை ஆசிரியையின் அறைச் சுவர் முழுக்கப் பலகைகள். வருஷம் போட்டு, பக்கத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி, நூறு சதவீதத் தேர்ச்சி என்று வரிசையாக எழுதி மாட்டியிருந்தார்கள். வகுப்பாசிரியை நாற்காலியில் இருந்தார். மகள் அலமாரி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் தலைமை ஆசிரியை. "உங்க பொண்ணு மொழிப் பீரியட்ல கிளாஸ்லயே இருக்கறதில்ல. பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துக்கறா. ஆயாம்மா போய்த் தட்டித் தட்டிக் கூட்டிட்டு வரணும். உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணாடிக்காரிக்குத் தெரியாது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் பொதுத் தேர்வு. இந்த லட்சணத்துல இவ தேற மாட்டா. நாங்க யாரையும் வெளிய அனுப்பறதில்ல, அது எங்க பழக்கமும் இல்ல. நீங்களா டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, இவளுக்கு ஏத்த மாதிரி ஒரு சின்ன ஸ்கூல் பாத்துச் சேத்துடலாம். யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க."

கேட்டீர்களா இந்த நியாயத்தை? வெளியே அனுப்ப மாட்டார்களாம், நாமாகவே போய்விட வேண்டுமாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள், ஆனால் கை தங்களுடையது இல்லை என்பார்கள். சுவரில் ஒரு பலகை குறைந்துவிடக் கூடாதே, அந்தக் கவலை அவர்களுக்கு.

"ஒரே ஒரு பாடத்துக்காகவா மேடம்? கணக்குல நல்ல மார்க்குதானே வாங்குறா" என்றாள் கண்ணாடிக்காரி. வேறொரு இடமாக இருந்தால் இந்நேரம் கூரை பிய்ந்திருக்கும். பிள்ளையின் குடுமி அவர்கள் கையில் இருக்கிறதே என்றுதான் குரலை இறக்கினாள்.

"அதையேதான் நானும் சொல்றேன்" என்று வகுப்பாசிரியை குறுக்கே வந்தார். "மூளை இருக்கு. கண்ணும் நல்லா இருக்கு, நீங்களே வந்து சொன்னீங்க. அப்புறம் என்ன? நடிக்கிறா. வேணும்னே பண்றா. இருங்க, உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன்." புத்தகத்தைப் பிரித்து மகள் கையில் வைத்தார். "படி."

'தொலைவில் ஒரு கொட்டகை தெரிந்தது.' இவ்வளவுதான் அந்த வரி.

மகள் விரலை எழுத்துக்குக் கீழே வைத்தாள். "தெ... தெல... தோ... தோளில்..." என்றாள். நிறுத்தினாள். "தோளில் ஒரு... கெ... கெட்... கெட்ட..." மேலுதட்டில் வேர்வை அரும்பியது. இடது கை தன்பாட்டுக்கு மேலே போய்ப் புருவத்தைப் பிடித்தது.

அந்தக் கை எங்கே போகிறது என்று கண்ணாடிக்காரி பார்த்தாள். கடையில் பார்த்த அதே புருவம்.

அப்போது பார்த்து வராந்தாவில் போன பிள்ளைகளில் ஒருவன், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வாயாலேயே "டுர்ர்... டுர்ர்... டுப்" என்று ஒரு சத்தம் போட்டான். கூட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றாள் கண்ணாடிக்காரி.

"சும்மா பசங்க பண்றது. இவளுக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டின்னு பேரு வச்சிருக்குதுங்க. இவ வாசிக்க எந்திரிச்சாலே கிக்கரை உதைக்கிற மாதிரி ஒரே சத்தம். எனக்கே சில நேரம் சிரிப்பு வந்துடும்." வகுப்பாசிரியை சொல்லிவிட்டு இப்போதும் சிரித்தார். வாய் கூசவில்லை அந்த அம்மாளுக்கு.

"எப்ப இருந்து?"

மகள் புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா, அந்த அட்டை எனக்கு மனப்பாடம்மா."

"எந்த அட்டை?"

"நம்ம கடை அட்டை. சின்னதுல இருந்து சாயங்காலம் சாயங்காலம் அந்த பெஞ்சுலதானே உக்காந்திருப்பேன். வர்றவங்க எல்லாரும் அதைத்தானே சத்தமா சொல்லுவாங்க. கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்துல கூட வரும்."

கண்ணாடிக்காரிக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் கடைக்காரி பிள்ளையை அந்தக் கடை அட்டையை வைத்தே சோதித்திருக்கிறார்கள். அவளுக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. பிற்பாடு ஒரு நாள் அண்ணன் மிஷினில் வைத்துப் பார்த்தபோதும் கண்ணில் நிஜமாகவே குறை எதுவும் இல்லை. ஆனால் வாசிக்கத் தெரியும் என்பதற்கு அந்த அட்டையையா சாட்சி கூப்பிடுவது?

"நான் நடிக்கல மிஸ்" என்றாள் மகள். "போன வருஷம் வரைக்கும்தான் நடிச்சேன். படிக்கத் தெரிஞ்ச மாதிரி. அப்ப பெஞ்சு வரிசையா வாசிக்கச் சொல்லுவாங்க. எனக்கு எந்தப் பாரா வரும்னு முன்னாடியே பாத்து, பக்கத்துல இருக்கறவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அப்படியே ஒப்பிச்சுடுவேன். நீங்க இந்த வருஷம் வந்து, நினைச்ச இடத்துல கை காட்டிப் படிக்கச் சொல்றீங்க. என்னால முடியல. கொம்பு முன்னாடி நிக்குது, கால் பின்னாடி நிக்குது, நடுவுல இருக்கற எழுத்தை முதல்ல சொல்லணும். அதைச் சேக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுது மிஸ்."

எத்தனை வருஷம்! எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு குழந்தை தனியாக இவ்வளவு பாரத்தைச் சுமந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் ஒரு தடவை படித்தால், இவள் பத்து மடங்கு உழைத்து அதைக் காதால் வாங்கி வைத்திருக்கிறாள். அவளைப் போய் நடிக்கிறாள் என்றார்கள்.

வகுப்பாசிரியை என்ன சொன்னார் தெரியுமா? தலைமை ஆசிரியையைப் பார்த்து, "கதை மட்டும் நல்லா சொல்லுவா மேடம்" என்றார்.

கண்ணாடிக்காரி விருட்டென்று எழுந்தாள். "மிஸ், நீங்க அந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசிங்க. ஒரே தடவை. என் பொண்ணு அட்சரம் பிசகாம திருப்பிச் சொல்லுவா, பாக்கறீங்களா?"

"வேண்டாம்மா" என்றாள் மகள்.

"நீ சும்மா இருடி. வாசிங்க மிஸ்."

"வேண்டாம்னு சொல்றேன்ல! இவங்களுக்கு நான் வித்தை காட்டணுமா?"

அந்தக் குரலில் கண்ணாடிக்காரி அடங்கிப் போனாள். தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "எது எப்படியோம்மா. யோசிச்சு இந்த வாரத்துக்குள்ள டி.சி.க்கு எழுதிக் குடுத்துடுங்க. இன்னைக்கு வேணும்னா இவளைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் யாரும் இல்லை. கண்ணாடிக்காரி அங்கே நின்றுவிட்டாள். மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கடையில் வாடிக்கையாளர் முகத்தைத் திருப்புகிற அதே கைதான்.

"புருவத்தை நீதானே பிடுங்குற?"

"தெரியாமலே கை போயிடுதும்மா."

"ராத்திரி தூங்குறியா?"

"இல்ல."

அடுத்து ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்டால், இல்லாத நினைப்பை நாமே பிள்ளை தலையில் ஏற்றிவிடுவோமோ என்று பயம். வாயால் சொன்னாலே நடந்துவிடுமோ என்று ஒரு நடுக்கம். ஆனால் கேட்காமல் விட்டதுதான் இதுவரைக்கும் வந்து நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதாடி உனக்கு?"

மகள் வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தினமும் இல்ல. மொழிப் பீரியட் இருக்கற அன்னைக்கு மட்டும்."

மொழிப்பாடம் இல்லாத நாள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கிடையாது. கண்ணாடிக்காரி கத்தவில்லை. அடிக்கவில்லை. இப்படியெல்லாம் பேசலாமா என்று வாயைப் பொத்தவும் இல்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "என்கிட்ட சொன்ன பாரு, நல்ல வேலை பண்ணின. நல்ல வேலை பண்ணினடி என் தங்கம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் அதுவரை அழாதவள், அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது அழுவாளே, விக்கி விக்கி, அந்த மாதிரி.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். கடையிலிருந்து நோயாளிகளை அனுப்பிப் பழக்கம் என்பதால், பெரிய ஆஸ்பத்திரியில் யார் யார் எங்கே இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு வார்த்தை வளர்க்கவில்லை. "பிள்ளைங்க மனசு பாக்கற டாக்டரம்மா சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க. நான் சொல்லி வைக்கிறேன், இப்பவே கூட்டிட்டுப் போ. எழுத்து சேராதது ஒரு நோவு இல்ல தங்கச்சி, சிலருக்கு அப்படி இருக்கும், அதுக்குன்னு தனியா சொல்லிக் குடுக்கறவங்க இருக்காங்க. முதல்ல பிள்ளை. அவளைத் தனியா மட்டும் விடாத" என்றார்.

தனியாக விடக் கூடாது. அதனால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே, வந்த வழியில் தலைமை ஆசிரியை அறைக்குத் திரும்பினாள். வாசலில் ஆயாம்மா, மேடம் வேலையாக இருக்கிறார் என்றாள். கண்ணாடிக்காரி நிற்கவில்லை.

"என்னம்மா, அதுக்குள்ள எழுதிட்டீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை.

"எழுத மாட்டேன்." இப்போது குரலை இறக்கவில்லை. வராந்தாவுக்கே கேட்டது. "நீங்க தலைகீழா நின்னாலும் எழுத மாட்டேன். இப்ப இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எதுக்குத் தெரியுமா? உங்க பள்ளிக்கூடத்துல பாடம் வாசிக்கச் சொல்ற ஒவ்வொரு நாளும் என் பொண்ணுக்குச் சாகணும்னு தோணுதாம். பதினாலு வயசு மேடம் இவளுக்கு! பாத்ரூம்ல போய் உக்காந்தது திமிர்ல இல்ல, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க கதவைத் தட்டித் தட்டி இழுத்துட்டு வந்து பசங்க முன்னாடி நிறுத்தியிருக்கீங்க. டுர்ருன்னு சத்தம் போட விட்டுட்டு, நீங்களும் சேந்து சிரிச்சிருக்கீங்க. நாளைக்கு ஏதாவது ஆகியிருந்தா? அந்தப் பலகையில அதுக்கும் ஒரு சதவீதம் எழுதியிருப்பீங்களா?"

வகுப்பாசிரியையின் முகத்தில் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தலைமை ஆசிரியை எழுந்து நின்றார். அந்த அம்மாளுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும் போல. முகம் வெளுத்துவிட்டது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து மகளின் தோளைத் தொடப் போனார். மகள் ஓர் அடி பின்னால் நகர்ந்து அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு... ஏம்மா எங்க யார்கிட்டயும் நீ ஒரு வார்த்தை சொல்லல?" என்றார்.

கோபமாகக்கூட இல்லை, மகள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க யாரும் கேக்கவே இல்லையே மேடம். படின்னு மட்டும்தானே சொன்னீங்க."